மரணச் சான்றிதழில் ஒரு வரி



மரணச் சான்றிதழ் என்றால் எங்களில் அனேகருக்கு அது ஓர் அலுவல் கடதாசி. பென்சன் எடுக்க, காணி உறுதியை மாற்ற, வங்கியிலுள்ள காசை எடுக்க, நஷ்டஈட்டுக்கு விண்ணப்பிக்க என்று பிரதேச செயலகத்துக்கும் கச்சேரிக்கும் கொண்டு திரிந்து மடிப்புகள் கிழிந்துபோன கடதாசி. பெயர் சரியா, திகதி சரியா, அடையாள அட்டையிலுள்ள எழுத்தோடு பொருந்துகிறதா என்று கவனமாகப் பார்ப்போம். அதே கடதாசியில் "மரணத்துக்கான காரணம்" என்று ஒரு கூடு இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. இம்மாதம் அந்த ஒரு வரியைப் பற்றி எழுதுகிறேன்.

ஒரு குடும்பத்துக்கு அது ஒரு சொல் மட்டுந்தான். ஆனால் ஒரு நாட்டின் நூறு வருடச் சொற்களைச் சேர்த்து எண்ணிப் பார்க்கும்போது, யார் எந்த வருத்தத்தால் கூடுதலாக இறந்தார்கள், யாருக்கு வைத்தியம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பது தெரியவருகிறது. ஏழை பணக்காரர், ஆண் பெண், தோட்டம் ஊர் என்ற வேறுபாடுகளை ஆராய்பவர்களுக்குப் பழைய மரணப் பதிவேடுகள்தான் முதல் ஆதாரம்.

இந்தக் கணக்கு எப்படித் தொடங்கியது என்று பார்த்தால், அதன் ஆரம்பத்திலேயே பெண்கள் நிற்கிறார்கள். 400 வருடங்களுக்கு முன் லண்டன் நகரில் ஒருவர் இறந்தால், அந்த வீட்டுக்குப் போய் உடலைப் பார்த்து, "இன்ன வருத்தத்தால் இறந்தார்" என்று கோயிற்பற்றுக்கு அறிவிப்பது வயதான ஏழைப் பெண்களின் வேலையாக இருந்தது. அவர்கள் சொன்ன காரணங்கள் வாராவாரம் பட்டியலாக அச்சிடப்பட்டன. ஜோன் கிராண்ட் என்ற வியாபாரி அந்தப் பட்டியல்களை ஒன்றுசேர்த்து ஆராய்ந்து 1662இல் ஒரு நூல் வெளியிட்டார். மக்கள் தொகைப் புள்ளிவிபரவியலின் தொடக்கம் என்று அந்த நூலைச் சொல்வார்கள்.

1837இல் இங்கிலாந்தில் அரசாங்க மரணப் பதிவு தொடங்கியது. அதன் காரணங்களைத் தொகுக்கும் பொறுப்பு வில்லியம் ஃபார் என்பவருக்குக் கிடைத்தது. 1839இல் வெளிவந்த முதலாவது அறிக்கையில், அரையாண்டுக்குள் 63 பேர் பட்டினியால் இறந்தார்கள் என்று அவர் காட்டினார். ஏழை நிவாரணச் சட்டத்தை நடத்திய ஆணைக்குழுவின் செயலாளர் எட்வின் சாட்விக் இதை மறுத்து வாதாடினார். பட்டினி என்ற சொல் அரசாங்கத்தின் நிவாரணத்தைக் குற்றஞ்சொல்லும் சொல் அல்லவா? பசி நேராகக் கொல்வது குறைவு, நோயை வரவழைத்தே அது கொல்கிறது, ஆகையால் உண்மைத் தொகை இதைவிடக் கூடத்தான் இருக்கும் என்பது ஃபாரின் பதில். ஒரு கூட்டில் என்ன சொல்லை எழுதுவது என்பதற்கு அன்றே எவ்வளவு சண்டை நடந்திருக்கிறது என்று பாருங்கள்.

இனி எங்கள் நாட்டுக்கு வருவோம். ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணத்தில் கோயிற்பற்றுத் தோம்புகளில் ஞானஸ்நானமும் விவாகமும் எழுதப்பட்டன. ஆங்கிலேயர் ஆட்சியில், 1867ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் பின்னரே நாடு முழுவதற்குமான பிறப்பு, இறப்புப் பதிவு முறையாக நடைபெறத் தொடங்கியது. கிராமத்துப் பதிவாளர் வைத்தியம் படித்தவர் அல்லர். இறந்தவரின் உறவினர் வந்து சொன்னதைக் கேட்டு எழுதினார். ஆகவே பழைய அறிக்கைகளில் காய்ச்சல், வலிப்பு, பலவீனம் போன்ற காரணங்கள் ஆயிரக்கணக்கில் வருகின்றன. குலைப்பன் காய்ச்சலும் காய்ச்சல்தான், நெருப்புக் காய்ச்சலும் காய்ச்சல்தான், பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் தாய்க்கு வரும் காய்ச்சலும் காய்ச்சல்தான். பிறந்த சில நாட்களில் ஏற்புவலி கண்டு இறந்த குழந்தைக்கும் "வலிப்பு" என்றே எழுதப்பட்டிருக்கலாம். இந்தப் பதிவுகளை ஆராய்பவர்கள் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் எத்தனை நோய்கள் மறைந்திருக்கக்கூடும் என்று யோசித்தே எண்ணவேண்டியிருக்கிறது.

இப்படிக் குறைபாடுகள் இருந்தும் அந்தப் பதிவேடுகள் ஒரு பெரிய உண்மையை வெளியே கொண்டுவந்தன. இன்று இலங்கையில் பெண்கள் ஆண்களைவிடக் கூடுதல் காலம் வாழ்கிறார்கள். 2011–2013 கணக்கின்படி ஆண்களின் ஆயுள் எதிர்பார்க்கை 72 வயது, பெண்களுடையது 78 வயதுக்கு மேல். எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1945–1947 கணக்கில் ஆண்களுக்கு ஏறத்தாழ 47 வயது, பெண்களுக்கு 45 வயதுதான். 1960களின் ஆரம்பத்திலும் பெண்கள் சற்றுப் பின்தங்கியே இருந்தார்கள். இயற்கையாகவே நீண்ட ஆயுள் உள்ள பெண், எங்கள் பாட்டிமாரின் காலத்தில் ஆணுக்கு முன்பே இறந்தாள். ரி. நடராஜா என்ற ஆய்வாளர் 1983இல் எழுதிய கட்டுரை இந்த மாற்றத்தைப் பற்றியதே.

ஏன் முன்பே இறந்தாள்? ஒரு முக்கியமான விடை பிரசவம். 1930களில் இலங்கையில் ஓர் இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 2,000க்கும் அதிகமான தாய்மார் இறந்தார்கள். அதாவது ஐம்பது பிரசவத்துக்கு ஒரு தாய். ஒருத்தி ஏழெட்டுப் பிள்ளை பெற்ற காலத்தில் இது எத்தனை வீடுகளைத் தொட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் கிருமி தொற்றி வரும் காய்ச்சல், இரத்தப்பெருக்கு, பிரசவ வலிப்பு என்பவையே பெரும்பாலும் காரணங்கள். ஊரில் அதை விதி என்றார்கள். தொகை அச்சில் வந்தபோது விதி என்று சொல்லி விட்டுவிட முடியவில்லை. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. பிறகு அது நாடெங்கும் பரவியது. பயிற்றப்பட்ட மருத்துவமாதர் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 1947 அளவில் தாய் மரணம் 1930களில் இருந்ததன் அரைவாசிக்கும் கீழே வந்தது. அண்மைய ஆண்டுகளில் அது ஓர் இலட்சத்துக்கு 30, 40 என்ற அளவில் நிற்கிறது.

எங்கள் பகுதிக்கும் இதில் ஒரு பங்குண்டு. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மேலைத்தேச வைத்தியம் கற்பித்தார். அவர் தமிழுக்குக் கொண்டுவந்த நூல்களில் பிரசவ வைத்தியமும் ஒன்று. 1898இல் நீர்வேலிக்குச் சில கட்டை தூரத்தில், இணுவிலில், பெண்களுக்கென்றே மக்லியொட் வைத்தியசாலை திறக்கப்பட்டது. ஆண் வைத்தியரிடம் போகக் கூசிய பெண்கள் பெண் வைத்தியரிடம் போனார்கள். இணுவில் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள் என்று சொல்லும் மூத்தவர்கள் எங்கள் ஊரில் பலர் இருக்கிறார்கள்.

பதிவேடுகள் காட்டிய இன்னொரு வேறுபாடு மலையகத்தினுடையது. நாட்டின் சராசரியை மட்டும் பார்த்தால் இலங்கை சுகாதாரத்தில் முன்னேறிய நாடு. தோட்டங்களைப் பிரித்துப் பார்த்தால் கதை வேறு. 1974இல் உணவுத் தட்டுப்பாடு கடுமையாக இருந்த வேளையில், நாடு முழுவதற்குமான சிசு மரணம் ஆயிரம் பிறப்புக்கு 50 அளவில் இருக்க, தோட்டப்புறத்தில் அது 100ஐயும் தாண்டியது. அந்தக் குழந்தைகளின் பதிவில் ஏதேதோ நோய்களின் பெயர்கள் இருந்திருக்கும். மா, அரிசி கிடைக்காத வருடத்தில் லயத்துப் பிள்ளைகள் மட்டும் இரண்டு மடங்காக இறப்பது ஏன் என்ற கேள்விக்கு நோயின் பெயர் பதில் ஆகாது. ஃபார் சொன்னது இதைத்தான்.

பதிவேட்டைத் தவறாக வாசிக்கவும் முடியும். 1934–1935 மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். 1946இல் டி.டி.ரி. மருந்து தெளிக்கத் தொடங்கிய பின், ஆயிரம் பேருக்கு 20 ஆக இருந்த இறப்பு வீதம் ஒரே வருடத்தில் 14 ஆகக் குறைந்தது. எல்லாம் மருந்தின் வெற்றி என்று உலகமே கொண்டாடியது. பின்னர் மாவட்டம் மாவட்டமாகப் பிரித்துப் பார்த்த ஆய்வாளர்கள், மலேரியா அதிகம் இல்லாத மாவட்டங்களிலும் இறப்புக் குறைந்திருப்பதைக் கண்டார்கள். வைத்தியசாலைகள், மருத்துவமாதர், பங்கீட்டு அரிசி என்பவையும் சேர்ந்தே அந்த உயிர்களைக் காத்தன. மருந்து ஒன்றே போதும் என்று நம்பியிருந்தால் மற்றவற்றுக்குக் காசு ஒதுக்கியிருக்க மாட்டார்கள். (2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.)

எங்கள் காலத்து உதாரணம் ஒன்றும் சொல்லவேண்டும். 1995இல் இலங்கையில் ஓர் இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று அது. மரணக் காரணங்களைப் பார்த்தபோது, மிகப் பெரும் பங்கு தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சிகொல்லியால் நேர்ந்தது என்று தெரிந்தது. மிகக் கொடிய நஞ்சுகள் 1990களில் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. பத்து வருடத்தில் வீதம் அரைவாசியானது. நீர்வேலிச் செம்மண்ணில் வாழையும் மரக்கறியும் செய்கிற எங்கள் வீடுகளில் மருந்துப் போத்தல் எங்கே இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தத் தடை எத்தனை வீட்டுக்கு உயிர்ப்பிச்சை கொடுத்தது என்பதை எண்களே சொல்கின்றன. வெட்கத்தால் எல்லா வீட்டிலும் "வயிற்று வருத்தம்" என்று எழுதுவித்திருந்தால் அந்தத் தடை வந்திருக்காது. தற்கொலை முயற்சி இலங்கையில் 1998இலிருந்து குற்றமல்ல. மனம் தாங்காத நேரத்தில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம். இந்த இலக்கத்தைக் கலண்டரில் எழுதித் தொங்கவிடுங்கள்.

இவ்வளவு பயன் உள்ள பதிவேடு, போர்க்காலத்தில் எங்களுக்கு என்ன ஆனது?

முதலில், எண்ணுவதே நின்றுபோனது. எத்தனை பேர் இறந்தார்கள் என்பது மட்டும் போதாது, எத்தனை பேருக்குள் இறந்தார்கள் என்றும் தெரியவேண்டும். 1981இன் பின் வடக்கில் முழுமையான குடிசன மதிப்பு 2012இல்தான் நடந்தது. 2001இல் நடந்த கணக்கெடுப்பு யாழ்ப்பாணத்தையும் வன்னியையும் முழுமையாக உள்ளடக்கவில்லை. முப்பது வருடமாக எங்கள் இறப்பு வீதத்தைச் சரியாகச் சொல்வதற்கு அடித்தொகையே இல்லை.

இரண்டாவது, பல மரணங்கள் பதிவேட்டுக்கே போகவில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் செம்மணி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தது. வயோதிபரும் நோயாளரும் வழியிலும் தங்கிய இடங்களிலும் இறந்தார்கள். அவ்விடத்திலேயே அடக்கம் செய்துவிட்டு நடந்தவர்கள் யாரிடம் போய்ப் பதிவது? 2009இல் நடந்ததை நான் சொல்லத் தேவையில்லை. 2011இல் தொகைமதிப்புத் திணைக்களம் வடமாகாணத்தில் வீடுவீடாகக் கணக்கெடுத்து ஒரு தொகையைச் சொன்னது. அதே வருடம் ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு, இறுதிக் கட்டத்தில் இறந்த பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என்றது. இரண்டுக்கும் இடையில் பெரிய பள்ளம். அந்தப் பள்ளத்தில் இருப்பது எங்கள் பிள்ளைகளும் கணவன்மாரும் பெற்றோரும்.

மூன்றாவது, பதிவான மரணங்களிலும் காரணம் பாதிதான். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மருந்துகள் மட்டாகவே வந்தன. மருந்து கிடைக்காமல் இறந்த நீரிழிவு நோயாளிக்கு "நீரிழிவு" என்று எழுதினால் அது பொய்யல்ல. ஊரடங்கு வேளையில் வாகனம் கிடைக்காமல், இரத்தம் போய் இறந்த தாய்க்கு "இரத்தப்பெருக்கு" என்று எழுதினாலும் பொய்யல்ல. மருந்து வராததற்கும் வாகனம் கிடைக்காததற்கும் அந்தக் கூட்டில் இடமில்லை. ஷெல்லாலும் துவக்காலும் இறந்தவர்களை மட்டும் போரில் இறந்தவர்கள் என்று எண்ணினால் இவர்கள் இருவரும் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள்.

காணாமற்போனவர்களின் விடயம் எல்லாவற்றிலும் கடினமானது. ஒரு வருடத்துக்கு மேல் செய்தியில்லாதவருக்கு மரணப் பதிவு செய்ய 1995இலும் பின்னர் 2010இன் 19ஆம் இலக்கச் சட்டத்தாலும் வழி செய்யப்பட்டது. "இறந்துவிட்டார் என்று நானே எப்படிக் கையெழுத்து வைக்கிறது?" என்று கேட்ட பெண்களை எங்கள் மாதர் சங்கத்தில் கண்டிருக்கிறேன். என்ன நடந்தது, யாரிடம் இருந்தார் என்ற விடையில்லாமல் இறப்பை மட்டும் ஒத்துக்கொள்ளச் சொல்வது அவர்களுக்கு நீதியாகப் படவில்லை. 2016இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, மரணச் சான்றிதழ் எடுக்காமலே, "காணாமற்போயுள்ளார்" என்று உறுதிப்படுத்தும் ஒரு சான்றிதழைப் பெறவும் அதைக் கொண்டு பிள்ளைகளின் அலுவல், காணி அலுவல் போன்றவற்றைப் பார்க்கவும் வழி வந்தது. அதையும் வேண்டாம் என்று 2017 தொடக்கம் வீதியோரத்தில் இருந்து போராடிய தாய்மாரும் உண்டு. பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்காக மரணச் சான்றிதழ் எடுத்தவர்களும் உண்டு. எடுத்தவளை எடுக்காதவளும், எடுக்காதவளை எடுத்தவளும் குறைசொல்ல வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். இருவரும் கேட்பது அந்தக் கூட்டுக்குள் உண்மையைத்தான்.

இனி நாங்கள் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

வீட்டில் ஒருவர் இறந்தால் விதானையாருக்கு உடன் அறிவித்து, மூன்று மாதம் கடக்க முன்னர் பதிவை முடியுங்கள். பிந்தினால் காலங்கடந்த பதிவுக்கு அலைய வேண்டிவரும்.

"என்ன வருத்தம் எண்டு கேட்டினம், காய்ச்சல் எண்டு சொன்னன்" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். எத்தனை நாள் காய்ச்சல், மூச்சு முட்டியதா, வலிப்பு வந்ததா, கண் மஞ்சளானதா, எந்தக் கிளினிக்கில் என்ன மருந்து எடுத்தார் என்று சொல்லுங்கள். கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டு போங்கள். வயது போனவர் என்றால் "மூப்பு" என்று எழுதி முடித்துவிடும் வழக்கம் இருக்கிறது. மூத்த பெண்களின் நீரிழிவும் இரத்த அழுத்தமும் புற்றுநோயும் இப்படித்தான் கணக்கிலிருந்து காணாமற்போகின்றன.

கர்ப்பிணியோ, பிள்ளை பெற்று 42 நாட்களுக்குள் ஒரு தாயோ இறந்தால், எந்த வருத்தமாக இருந்தாலும் மருத்துவமாதுக்குக் கட்டாயம் அறிவியுங்கள். இலங்கையில் ஒவ்வொரு தாய் மரணமும் தனித்தனியாக ஆராயப்படுகிறது. அடுத்த தாயைக் காப்பாற்றுவதற்கான ஆராய்ச்சி அது. யாரையும் தண்டிக்க நடப்பது என்று பயப்படத் தேவையில்லை.

சான்றிதழ் கையில் கிடைத்ததும் காரணம் எழுதிய வரியை வாசியுங்கள். விளங்காவிட்டால் கேளுங்கள். பிழையிருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவுப் பிரிவில் திருத்தத்துக்கான வழியை விசாரியுங்கள்.

கடைசியாக, பதிவேட்டில் இல்லாதவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பெயர், திகதி, இடம், என்ன வருத்தம், எங்கே கொண்டு போக முயன்றோம், ஏன் முடியவில்லை, பக்கத்தில் யார் இருந்தார்கள். எழுத முடியாதவர்கள் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். வைத்தியர் பார்க்காத மரணங்களின் காரணத்தை அறிய, இறந்தவரைப் பராமரித்தவரிடம் அடையாளங்களை ஒவ்வொன்றாகக் கேட்டறியும் ஒரு முறையை உலக சுகாதார நிறுவனமே இன்று பரிந்துரைக்கிறது. பராமரித்தவர் என்றால் எங்கள் வீடுகளில் அனேகமாகத் தாய், மனைவி, மகள். தலைமாட்டில் இருந்து தண்ணீர் பருக்கியவளுக்குத் தெரிந்தது வேறு ஒருவருக்கும் தெரியாது. அவளும் போய்விட்டால் அந்தக் காரணத்தைக் கேட்டறிய ஆள் இருக்காது. ஆகவே அதை இந்த மாதமே எழுதி வையுங்கள்.